இன்னொரு சுத்து

— ஏறக் கூடாதுன்னு நான் சொல்லல சார். ஆள் சேரட்டும்னுதான் சொல்றேன். ரெண்டு பேரை மட்டும் ஒரு பெட்டியில ஏத்திச் சுத்தினா ராட்டினம் ஒரு பக்கமா இழுக்கும். ரூல்ஸ் சார், ரூல்ஸ்.

— ஆள் எங்கண்ணே சேரப் போகுது? காலையில இருந்து இந்தப் பார்க்குல நாங்க பாத்ததே நீங்க, ஐஸ்கிரீம் கடைக்காரம்மா, அப்புறம் அந்தக் கரடி வேஷக்காரர். அவரும் கரடித் தலையக் கழட்டி பெஞ்சுல வச்சிட்டு சருகு கூட்டிக்கிட்டிருக்காரு.

— சீசன்ல வந்து பாருங்க மேடம், தெரியும். எள்ளு போட்டா எள்ளு விழாது. இப்பதான் இப்படி ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம்.

— விடும்மா ஊசி. ஆள் சேரலைன்னா விட்டுத் தள்ளு. ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்பலாம். இப்பவே கிளம்பினாதான் சாயங்காலத்துக்குள்ள அந்த இன்னொரு ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாக்க முடியும்.

— என்னங்க, எனக்கு மெஷின் இல்லாத நாள் இன்னிக்கு. நாளைக்கு விடிஞ்சா மறுபடியும் அந்த டயாலிசிஸ் கட்டில்ல போய்ப் படுக்கணும். அதுக்குள்ள இன்னொரு ஆஸ்பத்திரி எதுக்கு? ராட்டினத்துல ஏறாம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

— காலையில அப்படி ஒரு போன் வந்திருக்கு, உனக்கு ராட்டினமா முக்கியம்?

— ஆமா. ராட்டினம்தான் முக்கியம்.

— சார், மேடம், சண்டை வேண்டாம். ஒரு வழி இருக்கு. டெஸ்ட் ஓட்டுறதுக்குன்னு மணல் மூட்டை வச்சிருக்கோம். உங்களுக்கு எதிர்ப் பெட்டியில அதை ஏத்திட்டா பாரம் சமமா நிக்கும். ஆனா மூட்டை தூக்குற ஆள் இன்னிக்கு லீவு.

— மூட்டை எங்க? நான் தூக்குறேன்.

— ஐயோ, கஸ்டமர் தூக்கக் கூடாது சார். ரூல்ஸ்...

— நான் லிஃப்ட் மெக்கானிக்குய்யா. லிஃப்டுக்குப் பின்னாடி இதே மாதிரிதான் ஒரு எதிர்எடை தொங்கும். புது லிஃப்டை மூட்டை ஏத்தித்தான் நாங்களும் டெஸ்ட் பண்ணுவோம். தள்ளுங்க.

— என்னங்க, வேண்டாங்க. முதுகு பிடிச்சுக்கும்.

— இந்த முதுகுக்கு ஒரு கேடும் வராது. பாரு, தூக்குறேன் பாரு. ஒண்ணு. இந்தா, இன்னொண்ணு. நல்லாப் பாத்துக்கோ! இந்த உடம்புல இருந்து ஒரு கிட்னி எடுக்கக் கூடாதாம்! கழுதை மாதிரி பொதி சுமக்குற உடம்பு, இதுல ஒரு கிட்னி தேறலையாம்!

— போதும் சார், போதும். மூச்சு வாங்குது உங்களுக்கு. மேடம், நீங்க முதல்ல ஏறுங்க. கையில என்ன கட்டு போட்டிருக்கீங்க?

— கட்டு இல்லண்ணே. டயாலிசிஸுக்கு ஊசி குத்துற கை இது. நரம்பை இணைச்சுத் தச்சதுல புடைச்சிருக்கு. அழுத்தினா உள்ள ரத்தம் ஓடாம அடைச்சுக்கும்.

— அப்ப கம்பிய இப்படிச் சாச்சுப் போட்டுவிடறேன். கை வெளிய இருக்கட்டும். எத்தனை சுத்து?

— ஒண்ணு போதும்.

— நான் போதும்னு சொல்றவரைக்கும் ஓட்டுங்கண்ணே.

— ஒவ்வொரு தடவை கீழ வரும்போதும் கேக்குறேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. எனக்கென்ன, வேற கஸ்டமரா நிக்குது?

— அப்பாடா. மேல வர வர காத்து எப்படி இருக்கு பாருங்க. அதோ நம்ம ரூம். ஜன்னல்ல பொம்மை போட்ட திரை தொங்குது, தெரியுதா?

— தெரியுது. மெத்தையில முயல், தலகாணியில யானை. வயசான காலத்துல முயல் மேல படுத்துத் தூங்கணும்னு என் தலையில எழுதியிருக்கு.

— பாப்பா ஆசையா புக் பண்ணிக் குடுத்தது. சின்ன வயசுல அவ இங்க வரணும்னு கேட்டு அழுதப்ப நாம கூட்டிட்டு வரல. "நீங்களாவது போய் ஆடிட்டு வாங்க"ன்னு அனுப்பிவச்சிருக்கா.

— டிபன் ரூம்ல அந்தச் சர்வர் கேட்டான், "குழந்தைங்க எங்க சார்?"னு. எதிர்ல உக்காந்திருக்குன்னு உன்னைக் காமிச்சேன். பலூனைக் கொண்டுவந்து உன் நாற்காலியில கட்டிட்டுப் போயிட்டான்.

— ஹையோ... சிரிக்க வைக்காதீங்க, தொண்டை வறளுது.

— இந்தா, பிளாஸ்க்குல ஐஸ் கட்டி கொண்டுவந்திருக்கேன். டாக்டர் சொன்ன தண்ணி அளவு தாண்டக் கூடாது, ஒண்ணே ஒண்ணு. கடிக்காத, சப்பு.

— ம்... இந்த ஒரு கட்டி ஐஸுக்கு என் சொத்தையே எழுதி வைக்கலாம்.

— என்ன சொத்து? அந்தத் தையல் மெஷினா?

— ஏன், கேவலமா? உங்க சட்டை எல்லாம் அதுல தச்சதுதான். அதை வச்சுத்தானே என்னை ஊசின்னு கூப்பிடுறீங்க?

— ஊசி... ஒருவேளை அந்த ஐஸ்கிரீமா இருக்குமோ?

— எந்த ஐஸ்கிரீம்?

— நேத்து ரெண்டு தின்னேனே. சுகர் ஏறியிருக்கும். அதான் என் கிட்னி வேண்டாம்னுட்டாங்க.

— நேத்து தின்ன ஐஸ்கிரீம் போன மாசம் எடுத்த ரத்தத்துக்குள்ள எப்படிங்க போகும்?

— அப்ப சிகரெட். விட்டாலும் கறை உள்ள இருக்கும்ல? லிஃப்ட் குழியில படிஞ்ச கிரீஸ் மாதிரி, லேசுல போகாது.

— உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

— எப்படிக் குழப்பிக்காம இருக்கிறது? போன்ல அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? "உங்க கிட்னிய எடுக்கலைன்னு டாக்டர் முடிவு பண்ணியிருக்கார் சார்." ஏம்மான்னு கேட்டா, "நேர்ல வாங்க." ஒரு லிஃப்டை நிறுத்தினாக்கூட ஏன் நிறுத்தினோம்னு கதவுல எழுதி ஒட்டிட்டுத்தான்டி நாங்க வருவோம். ஒரு மனுஷனுக்குக் காரணம் சொல்ல மாட்டாங்களா?

— சரி, விடுங்க.

— ரத்த குரூப் சேந்துச்சு. எல்லா டெஸ்டும் சேந்துச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு விஷயத்துலயும் ஒத்துப்போனதில்ல, கிட்னி மட்டும் ஒத்துப்போச்சேன்னு நீதானே விழுந்து விழுந்து சிரிச்ச? ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற நேரத்துல தாழியை உடைச்சா எப்படி?

— இன்னொரு சுத்தா சார்?

— வேண்டாம், இறக்கி விடுங்க.

— ஓட்டுங்கண்ணே.

— மேடம் சொன்னா அதான் ரூல்ஸ் சார். கம்பிய விடாம பிடிச்சுக்கங்க.

— என்ன விளையாட்டு இது? நேரம் போகுது ஊசி. அந்த இன்னொரு ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்டும் முதல்ல இருந்து எடுக்கச் சொல்வாங்க. எடுக்கட்டும். எத்தனை ஊசி வேணா குத்தட்டும். என்கிட்ட இருக்கிற எதை வேணா எடுத்துக்கட்டும்.

— அங்க கரடியப் பாருங்களேன். நம்மைப் பாத்துக் கை ஆட்டுது. தலைய மாட்டிக்கிட்டு ஆட்டுது, பாவம். நீங்களும் ஆட்டுங்க.

— பேச்சை மாத்தாத. அந்தக் கை அடைச்சுப் போச்சு. இந்தக் கையும் அடைச்சிட்டா அப்புறம் குத்துறதுக்கு நல்ல நரம்பே இல்லைன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் மெஷின்ல இருக்கும்போதே மயங்கிட்ட. கண்ணு சொருகிருச்சு. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— தெரியும்ங்க.

— என்ன தெரியும்? உங்கம்மாவும் இதே வியாதியிலதான் போனாங்க. கிட்னி பூரா நீர்க்கட்டி. பக்கத்துல இருந்து பாத்தவ நீ. கடைசியில எப்படி இருந்தாங்கன்னு நான் சொல்லியா உனக்குத் தெரியணும்?

— வேண்டாங்க. அதைப் பேசாதீங்க.

— பேசாம? அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு வர்ற வியாதி, உனக்கு வந்து சேந்துச்சு. நம்ம பாப்பாவையாவது விட்டுச்சே. போன மாசம் அவ ஹாஸ்டல்ல இருந்து வயித்து வலின்னு வந்து நின்னப்போ எனக்கு உசிரே போச்சு. ஸ்கேன் எடுத்துட்டு வந்து வெறும் வாயுன்னு நீ சொன்னப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

— ...இங்க காத்து ஜாஸ்தியா இருக்கு. சால்வைய இழுத்து விடுங்க.

— இந்தா. குளிருதா? ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்ட?

— ஒண்ணுமில்ல. உயரம்.

— இரு. இங்க டவர் நல்லா கிடைக்குது. டாக்டருக்கே நேரா போன் போட்டுடறேன்.

— இப்ப எதுக்குங்க? அவர் ஆபரேஷன்ல இருப்பாரு.

— எடுக்கலைன்னா போகட்டும்... ஹலோ, டாக்டரா? வணக்கம் டாக்டர். நான்தான், அந்த லிஃப்ட் மெக்கானிக். ஆமா டாக்டர். போன் வந்துச்சு... இல்ல, காரணம் தெரியாம என்னால ஒரு வாய் காப்பி குடிக்க முடியல. என் உடம்புல என்ன குறைன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் சரி பண்ணிக்கிறேன்... என்னது? ...இல்ல, இங்கதான் இருக்கா, பக்கத்துலதான்... சரி... சரி டாக்டர்.

— என்ன சொன்னாரு?

— இன்னொரு சுத்தா மேடம்?

— ஓட்டுய்யா!

— அட, இந்தத் தடவை சாரே சொல்லிட்டாரா? முகம் ஒரு மாதிரி இருக்கே சார். தலை சுத்துதா? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்து பாக்குறீங்களா?

— ஓட்டுன்னேன்ல!

— கோவப்படாதீங்க சார். ஓட்டிட்டேன்.

— அவரை ஏங்க திட்டுறீங்க?

— உன்னைத் திட்ட முடியாமதான். "உங்க உடம்புல ஒரு குறையும் இல்ல. காரணத்தை உங்க வீட்டம்மாகிட்டயே கேளுங்க"ங்கிறாரு. கேக்குறேன். சொல்லு.

— நான்தான் வேண்டாம்னு சொன்னேன்.

— என்ன வேண்டாம்?

— உங்க கிட்னி. இங்க கிளம்பி வர்றதுக்கு முன்னாடி, மெஷின்ல படுத்திருக்கும்போது டாக்டர் வந்தாரு. எனக்கு வேண்டாம்னு சொன்னேன். "பொருந்தலைன்னு நீங்களே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க"ன்னு கெஞ்சினேன். பொய் சொல்ல மாட்டேன், எடுக்கலைன்னு மட்டும் சொல்றேன்னாரு.

— ஏன்டி?

— சொல்றேன். கொஞ்சம் பொறுங்க.

— என்ன பொறுக்கிறது? ஒருத்தன் சட்டையைக் கழட்டிட்டு, அறுத்து எடுத்துக்கோன்னு நிக்கிறான். வேண்டாம்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? மெக்கானிக் கிட்னின்னா கசக்குதா? கிரீஸ் நாத்தம் அடிக்குதா? கொஞ்சம் முன்னாடி பைத்தியக்காரன் மாதிரி மூட்டை தூக்கிக் காமிச்சேனே, பாத்துக்கிட்டுத்தானே நின்ன?

— பாத்தேன். பாக்க முடியாம பாத்தேன்.

— அப்ப இந்த டூர் எதுக்கு? என்னைக் குஷிப்படுத்திட்டு அப்புறம் சொல்லலாம்னா?

— ஒரு நாளாவது ஊசி, ஆஸ்பத்திரி, ரத்தம்னு பேசாம உங்களோட சும்மா உக்காந்திருக்கணும்னு ஆசைங்க. நேத்தே சொல்லணும்னுதான் நினைச்சேன். நீங்க ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கி, "இது எனக்கு, இது உனக்குப் பதிலா"ன்னு ரெண்டையும் தின்னுட்டு, கலரான நாக்கை நீட்டிக் காமிச்சீங்க. அதைப் பாத்தப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல.

— செத்துப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா? நேராச் சொல்லு.

— யாருங்க சாகறேன்னா? எனக்கு வாழணும்ங்க. சொம்பு நிறையத் தண்ணிய மடக்கு மடக்குன்னு அண்ணாந்து குடிக்கணும். பாப்பா கல்யாணத்துக்கு என் கையால உடுப்பு தைக்கணும். உங்களோட இன்னும் எவ்வளவோ சண்டை பாக்கி இருக்கு. நீங்க குறட்டை விட்டுத் தூங்கும்போது நான் முழிச்சுக்கிட்டு இந்தக் கைய காதுல வச்சுக் கேட்டுக்கிட்டிருப்பேன், ரத்தம் ஓடுற சத்தம் வருதா, நின்னுடுச்சான்னு. அவ்வளவு பயம் எனக்கு. கிட்னிக்குக் காத்திருக்கிற லிஸ்ட்ல பேரு இருக்குல்ல? எந்தப் புண்ணியவானாவது குடுப்பாங்க.

— லிஸ்டு! அந்த வரிசையில உனக்கு முன்னாடி ஊரே நிக்குது. ராட்டினத்துக்கு ஆள் சேரட்டும்னு காத்துக்கிட்டிருந்தோமே, அந்தக் கதைதான். கையில வெண்ணெயை வச்சிக்கிட்டு நெய்க்கு அலையுற.

— எங்க தையல்ல ஒண்ணு உண்டுங்க. கையில ஒரே ஒரு துண்டுத் துணிதான் இருக்கு, வேற கிடைக்காதுன்னா, உடனே கத்தரிக்கோலைத் தூக்க மாட்டோம். யாருக்கு வெட்டணும்னு யோசிப்போம். வெட்டினா வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது.

— நான் என்ன துணியாடி? எனக்குப் புரியுற பாஷையில பேசு.

— இன்னொரு சுத்தா சார்? எலுமிச்சம்பழம் வேணுமா?

— ...ஓட்டுங்க.

— நான் ஒண்ணும் கேக்கலப்பா. ஓட்டுறேன்.

— சரி. என்னோடது வேண்டாம். உனக்கு என் மேல என்ன கோவமோ, என்ன பிடிவாதமோ, நான் கேக்கல. பாப்பா என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னா.

— என்ன சொன்னா?

— "உங்களது ஆகலைன்னா நான் குடுக்கிறேன்ப்பா, எனக்குப் பயமே இல்ல"ன்னா. படிக்கிற பொண்ணு, இதெல்லாம் பேசாதன்னு அப்ப திட்டினேன். இப்ப வேற வழி தெரியல எனக்கு. பெத்த பொண்ணு குடுத்தா வேண்டாம்னு சொல்லுவியா? சொல்லிப் பாரேன், அவகிட்ட.

— ஐயோ, அவகிட்ட பேசாதீங்க.

— ஏன் பேசக் கூடாது? இரு, ரிங் போகுது.

— கட் பண்ணுங்க. கட் பண்ணுங்கங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கட் பண்ணிடுங்க!

— ஏய், அந்தக் கையால இழுக்காத! கம்பியில இடிச்சுக்கப் போற... ஹலோ, பாப்பா? ...ஒண்ணுமில்லடா தங்கம். ராட்டினத்துல இருக்கோம். அம்மாதான் கத்துறா... ஆமா, உயரம்னா அவளுக்குப் பயம்ல... இல்லடா, அழல, சிரிக்கிறா... ஆமா, கரடியப் பாத்தோம். போட்டோ எடுத்து அனுப்புறேன்... சரிடா, கீழ இறங்கிட்டுப் பேசறேன். வச்சிடு.

— வச்சிட்டாளா?

— வச்சிட்டா. அந்தக் கைய காமி. அடி பட்டுச்சா? ஓடுதா?

— ஓடுது. தொட்டுப் பாருங்க, விர்ருன்னு ஓடுது.

— அப்ப ஏன்டி அழுற? நான் உன்னை அடிச்சேனா? கழுத்தைப் பிடிச்சேனா? உன்னைக் காப்பாத்துறதுக்கு நான் பெத்த பொண்ணுகிட்ட பிச்சை கேக்கப் போறேன், அதுக்குப் போய் இப்படி ஊரைக் கூட்டுற?

— ஊர் எங்கங்க இருக்கு? கரடி மட்டும்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது.

— மேடம், கத்துற சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. இறக்கிடட்டுமா? எனக்குப் பயமா இருக்கு. ரூல்ஸ்படி நான் நிறுத்தணும்.

— அண்ணே, ஒரே ஒரு சுத்து. கடைசி. கீழ இறங்கிட்டா என்னால இவர்கிட்ட சொல்ல முடியாது.

— ...சரிங்க மேடம். மெதுவா ஓட்டுறேன். அழாதீங்க.

— சொல்லு ஊசி. நான் கோவப்பட மாட்டேன். சத்தியமா. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஆனா ஒண்ணு, பாப்பாவோடதை மட்டும் வேண்டாம்னு சொல்லாத. அவளுக்கு வயசு இருக்கு, தெம்பு இருக்கு. ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணை வச்சு நூறு வயசு இருப்பா. பெத்தவளுக்குக் குடுக்கிறதுல அவளுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?

— போன மாசம் எடுத்த ஸ்கேன்ல வாயுன்னு உங்ககிட்ட நான் சொன்னேன்ல?

— ஆமா.

— வாயு இல்லைங்க.

— பின்ன?

— எங்கம்மாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது... ரெண்டு பக்கமும்ங்க. சின்னச் சின்னதா. நான் கண்ணால பாத்தேன். அவளுக்கு இன்னும் சொல்லல.

— ஊசி... என்னடி சொல்ற?

— அந்த ஒரே துண்டுத் துணி எனக்கு வேண்டாங்க. பத்திரமா வச்சிருங்க. நம்ம பாப்பா எனக்குக் குடுக்கப் போறவ இல்ல, ஒரு நாள் உங்ககிட்ட வாங்கப் போறவ.